சேன் லெ மேட்டு வீட்டில் மழைத் தொட்டி வைக்கலாமா? பக்கத்து வீட்டோடு பங்கு போடலாமா?

காரைக்கால்காரி எழுதியது:

வணக்கம். பிரெஞ்சு ஆட்சியில் உள்ள ரீயூனியன் தீவின் மேற்குக் கரையில் குடியிருப்பவர்களிடம் ஒரு யோசனை கேட்க வேண்டும்.

நாங்கள் காரைக்காலிலிருந்து வந்தவர்கள். கணவருக்குச் செவிலியர் வேலை. முதலில் சேன் தெனியில் அடுக்குமாடி வீட்டில் இருந்தோம். இப்போது சேன் லெவுக்கு மேலே, பித்தோன் பக்கம், தகரக் கூரை போட்ட தனி வீடு வாடகைக்குக் கிடைத்திருக்கிறது. முன்னால் லிச்சி மரம், பின்னால் முருங்கையும் வாழையும். தோட்டத்துக்கு ஆசைப்பட்டுத்தான் வந்தோம். வந்த பிறகுதான் இந்தப் பக்கத்து வறட்சி தெரிகிறது. ஏப்ரலோடு போன மழை இன்னும் எட்டிப் பார்க்கவில்லை. கரும்பு வெட்டு நடப்பதால் லெ கோல் ஆலைக்குப் போகும் லாரிகள் கிளப்பும் புழுதி கொடியில் காயும் துணியெல்லாம் படிகிறது. துவைத்ததையே திரும்பத் துவைக்கிறேன்.

இதற்கிடையில் தண்ணீர்க் கட்டுப்பாட்டு உத்தரவு வேறு. கார் கழுவக்கூடாது, புல்தரைக்கு நீர் பாய்ச்சக்கூடாது, நீச்சல் குளம் நிரப்பக்கூடாது. எங்களிடம் புல்தரையும் இல்லை, குளமும் இல்லை. ஆனால் வீட்டுக்காரர் தண்ணீர் பில்லைக் கொண்டுவந்து நீட்டி, முன்பு குடியிருந்தவர்களைப் போல இரு மடங்கு ஓடியிருக்கிறது என்கிறார். நாங்கள் இரண்டு பேர், ஒரு கைக்குழந்தை. "நீங்கள் தினமும் வாசல் கழுவுகிறீர்களே" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார். நான் விடியற்காலையில் தெளிப்பது ஒரு செம்புத் தண்ணீர். அதில் ஒரு சின்னக் கோலம். அதைப் பார்த்துவிட்டு இப்படி ஒரு பேச்சு!

எங்களுக்கு மேல் வீட்டில் ஒரு வயதான அம்மா இருக்கிறார். இங்கே எல்லோரும் கூப்பிடுவதுபோல நானும் மேமே, அதாவது பாட்டி என்றுதான் கூப்பிடுகிறேன். தமிழ் பேச வராது, ஆனால் மாரியம்மன் தாலாட்டில் நாலு வரி அப்படியே பாடுவார். குழாயில் வேகம் குறைந்தால் முதலில் அவர் வீட்டில்தான் நிற்கும், எங்கள் வீட்டில் நூலாக வந்துகொண்டிருக்கும். அப்போது வாளியோடு இறங்கி வருவார். டிசம்பரில் தீமிதி. அவர் வீட்டில் மூன்று பேர் விரதம் இருக்கப் போகிறார்கள். காலையும் மாலையும் தலைமுழுக வேண்டும். "உன் வீட்டுக் குழாயில் பிடித்துக்கொள்ளலாமா?" என்று இப்போதே கேட்டு வைத்திருக்கிறார். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? ஆனால் பில் எங்கள் பெயரில் அல்லவா ஏறும்! இதில் அவருடைய மகன் ஞாயிற்றுக்கிழமை ஆனால் குழாயை நீட்டிக் காரைக் கழுவுகிறார், உத்தரவாவது ஒன்றாவது. அந்த நுரைத் தண்ணீர் எங்கள் முருங்கை அடிக்குத்தான் வருகிறது.

ஆயிரம் லிட்டர் தொட்டி ஒன்று வாங்கி, கூரைத் தண்ணீரைப் பிடித்து, இரண்டு வீட்டுக்கும் பொதுவாக வைத்துக்கொள்ளலாம் என்று எனக்கு ஒரு எண்ணம். கணவர் கொசுவை நினைத்துப் பயப்படுகிறார். சட்டப்படி பிடிக்கலாமா, வாடகை வீட்டில் வைக்கலாமா, குளிக்க ஆகுமா, இதற்கெல்லாம் செய்கிற செலவு தகுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மொரீஷியஸ் தங்கை எழுதியது:

அக்கா, எங்கள் தீவில் கூரை மேல் தொட்டி இல்லாத வீட்டைப் பார்ப்பதே அரிது. வறண்ட மாதங்களில் குழாயில் சில மணி நேரம்தான் வரும். அந்த நேரத்தில் தொட்டி தானாக நிரம்பிக்கொள்ளும், மிச்ச நேரம் அதில் ஓடும். தொட்டி வாங்க அரசே மானியம் கொடுத்திருக்கிறது. எங்களிடமும் மேற்குதான் வறண்டது. தமரேன், பிளாக் ரிவர் பக்கம் போனால் சேன் லெவில் நிற்கிற மாதிரியே இருக்கும். மழையெல்லாம் நடு மேட்டில் கொட்டுகிறது. பெரிய நீர்த்தேக்கமான மார் ஓ வாகுவாவும் அங்கேதான் இருக்கிறது.

ஒன்று மட்டும் சொல்கிறேன். எங்கள் தொட்டிகளில் இருப்பது குழாய்த் தண்ணீர். நீங்கள் பிடிக்கப்போவது கூரைத் தண்ணீர். இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடாதீர்கள், கைக்குழந்தை வேறு இருக்கிறது.

குழாய் வேலைக்காரன், சேன் போல் எழுதியது:

தங்கச்சி, தொட்டியைப் பற்றிப் பிறகு பேசுவோம். முதலில் மீட்டரைப் பார்.

நான் புதுச்சேரியிலிருந்து வந்து இந்த மேற்குக் கரையில் குழாய் வேலை செய்தே தலை நரைத்தவன். பில் இரு மடங்கு என்று கூப்பிடுகிற வீடுகளில் பெரும்பாலும் திருடன் வெளியில் இல்லை, உள்ளேதான் இருப்பான். ஒரு செம்புத் தண்ணீரில் போடுகிற கோலத்தால் பில் ஏறாது என்று உன் வீட்டுக்காரரிடம் நான் சொன்னதாகவே சொல்.

மீட்டரின் மூடியைத் திற. பல்லி இருக்கும், பயப்படாதே. கறுப்பு எண்கள் கன மீட்டர், அதாவது ஒவ்வொன்றும் ஆயிரம் லிட்டர். அதற்குத்தான் காசு. சிவப்பு எண்கள் லிட்டர். இரவு படுக்கப் போகும்போது சிவப்பு எண்கள் உட்பட எல்லாவற்றையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள். துவைக்கும் இயந்திரம் ஓடக்கூடாது, இரவில் யாரும் கழிவறைத் தொட்டியை இழுத்துவிடக்கூடாது, அவசரமானால் வாளியால் ஊற்றுங்கள். காலையில் யாரும் குழாயைத் தொடுவதற்கு முன் மறுபடியும் படம் எடு. எண் நகர்ந்திருந்தால் கசிவு இருக்கிறது, அவ்வளவுதான்.

எங்கே என்பது அடுத்த கேள்வி. மீட்டருக்குப் பக்கத்தில் அடைப்பான் இருக்கும், வீட்டுக்குள் நுழைகிற இடத்திலும் பெரும்பாலும் ஒன்று இருக்கும். வீட்டு அடைப்பானை மூடிய பிறகும் மீட்டர் சுற்றினால் மண்ணுக்குள் போகிற குழாயில் ஓட்டை. சுற்றாமல் நின்றால் வீட்டுக்குள் தேடு. முதல் சந்தேகம் கழிவறைத் தொட்டி. கேசரிக்குப் போடும் கலரில் ஒரு சிட்டிகையைத் தொட்டித் தண்ணீரில் கரைத்துவிட்டு, இழுக்காமல் அரை மணி நேரம் விடு. கீழே பீங்கானில் நிறம் இறங்கினால் அடியில் இருக்கும் ரப்பர் வளையம் போய்விட்டது. சத்தமே இல்லாமல் ஒழுகுகிற கழிவறைத் தொட்டி மணிக்கு 25 லிட்டர் வரை குடித்துவிடும். ஒரு நாளைக்கு 600 லிட்டர்! சொட்டுகிற குழாய்கூட மணிக்கு 4 லிட்டர் போக்கும். இப்போது உன் செம்பை இதன் பக்கத்தில் வைத்துப் பார்.

இரண்டாவது சந்தேகம் கூரை மேல் இருக்கும் சூரிய வெந்நீர்த் தொட்டி. இந்தத் தீவில் முக்கால்வாசிப் பேர் அதை நிமிர்ந்தே பார்ப்பதில்லை. அதில் ஒரு பாதுகாப்பு வால்வு உண்டு. வெயிலில் சூடேறும்போது கொஞ்சம் சொட்டுவது அதன் வேலை. இரவிலும் சொட்டினால் வால்வு கெட்டிருக்கிறது, அல்லது அழுத்தம் அதிகமாக இருக்கிறது. இங்கே நீர்த்தேக்கம் மலைமேல், வீடுகள் சரிவில். அழுத்தத்தை ‘பார்’ என்ற அலகில் அளப்போம், பத்து மீட்டர் இறங்கினால் ஒரு பார் கூடும். மேமே வீட்டில் முதலில் நிற்பதும் உன் வீட்டில் நூலாக வருவதும் இதனால்தான். வேகம் நன்றாக இருக்கிற நாளில் இதே கணக்கு உன் ரப்பர் வளையங்களைத் தின்னும். அழுத்தம் குறைக்கும் கருவி இருக்கிறதா என்று பார், மூன்று பாருக்கு வைத்தால் போதும். பல வீடுகளில் அது இருக்காது, அல்லது பழுதாகிச் செத்துக் கிடக்கும்.

பில் விஷயத்தில் சட்டமும் தெரிந்துகொள். 2011இல் வந்த வார்ஸ்மன் சட்டம் என்று ஒன்று உண்டு. மீட்டருக்குப் பிறகு குடிநீர்க் குழாயில் கசிவு ஏற்பட்டுப் பில் எகிறினால், வழக்கமான சராசரியைப் போல இரு மடங்குக்கு மேல் கட்ட வேண்டியதில்லை. அளவு மீறிப் போகிறது என்று தண்ணீர் நிறுவனம்தான் தெரிவிக்க வேண்டும். தெரிவித்த ஒரு மாதத்துக்குள் குழாய் வேலைக்காரரிடம் சான்று வாங்கி அனுப்ப வேண்டும். எங்கே கசிந்தது, எந்தத் தேதியில் சரி செய்யப்பட்டது என்று அதில் இருக்க வேண்டும். ஆனால் கழிவறைத் தொட்டி, வெந்நீர்த் தொட்டி, துவைக்கும் இயந்திரம் இவற்றின் கசிவுக்கு இந்தச் சலுகை கிடையாது. அங்கே அழுதும் பயனில்லை.

இனி தொட்டி. வெளியில் செடிக்கு ஊற்ற, தரை கழுவக் கூரைத் தண்ணீரைப் பிடிக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். வாடகை வீடு என்பதால் வீட்டுக்காரரிடம் ஒரு வரி எழுதி வாங்கிக்கொள், அவருடைய கூரைத் தாழ்வாரத்தில்தானே கை வைக்கப் போகிறாய். வீட்டுக்குள் கழிவறைக்கும் தரை துடைக்கவும் பயன்படுத்தலாம் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் குடிநீர்க் குழாயோடு அது எங்கேயும் இணையக்கூடாது, ஒரு வால்வு வைத்துக்கூட இணைக்கக்கூடாது. சாக்கடைக்குப் போகிற தண்ணீர் என்றால் மேரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், தெரிவிக்கவும் வேண்டும். கூரையில் பழைய ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தால் உள்ளே கொண்டுவரவே கூடாது. உனக்குத் தகரம், அதனால் சிக்கலில்லை. குடிக்க, சமைக்க, குழந்தையைக் குளிப்பாட்ட வேண்டாம். கூரையில் பறவை எச்சமும் எலி மூத்திரமும் இருக்கும். எலியால் வரும் காய்ச்சல் இந்தத் தீவில் புதிதல்ல.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாந்தேன் என்று சொல்லாதே. கூரை எண்பது சதுர மீட்டர் என்று வை. பத்து மில்லிமீட்டர் மழைக்கு எண்ணூறு லிட்டர் விழும், சிந்தியது போகக் கையில் அறுநூற்றுச் சொச்சம் வரும். இரண்டு மழைக்குத் தொட்டி நிரம்பிவிடும். ஆனால் இங்கே மழை ஜனவரி முதல் மார்ச் வரை. அப்போது தொட்டி வழியும், செடிக்கும் தண்ணீர் தேவைப்படாது. ஆகஸ்டில் தொட்டி காலியாகக் கிடக்கும். மேட்டுப் பக்கத்தில் மதியத்துக்கு மேல் மேகம் இறங்கி ஒரு தூறல் போடுகிற நாள்கள் உண்டே, அதுதான் இடைக்காலத்தில் உனக்குக் கிடைப்பது. ஆயிரம் லிட்டர் தொட்டி வறட்சியைக் கடத்தாது. புயலுக்குப் பிறகு குழாய் நிற்கிற நாள்களைக் கடத்தும். 2025 பிப்ரவரி கடைசியில் கரான்ஸ் புயல் அடித்தபோது பார்த்தோமே! ஊரெல்லாம் வெள்ளம், குழாயில் காற்று. மேரி வாசலில் பாட்டில் தண்ணீருக்கு வரிசை. அந்த நாள்களில் கழிவறைக்கு ஊற்ற ஒரு தொட்டி இருந்த வீடுதான் பணக்கார வீடு.

கிழக்குக்கரைக்காரர், சேன் ஆந்த்ரே எழுதியது:

நான் வெளிப்படையாகவே கேட்கிறேன். எங்கள் பக்கத்து சலாஸி தண்ணீரை மலையைக் குடைந்து உங்களுக்கு அனுப்புகிறோம். அதில் நீங்கள் நீச்சல் குளம் கட்டுகிறீர்கள். பிறகு தண்ணீர் இல்லை என்று புலம்புகிறீர்கள். ஆயிரம் லிட்டர் தொட்டியால் என்ன மாறப்போகிறது?

குழாய் வேலைக்காரன், சேன் போல் எழுதியது:

ஐயா, குளம் வைத்திருப்பவர்களை அடுத்த முறை பார்க்கும்போது அவர்களிடமே கேளுங்கள், நானும் கூட வருகிறேன். கேள்வி கேட்ட பெண்ணிடம் குளம் இல்லை.

சேன்த் ரோஸ் மேட்டில் ஆண்டுக்குப் பத்து மீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. மேற்கே கடலோரத்தில் சில இடங்களில் 500 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். ஒரே தீவு, அதுவும் சின்னத் தீவு. கிழக்கிலிருந்து வரும் காற்று மலையில் மோதி எல்லாவற்றையும் உங்கள் பக்கமே கொட்டிவிட்டு, வெறுங்கையோடு எங்களிடம் இறங்குகிறது. அதனால்தான் 1989இல் அந்த வேலையைத் தொடங்கினார்கள். சலாஸி, மாஃபாத் மலைப் பள்ளத்தாக்குகளிலிருந்து சுரங்கம் வழியாக மேற்குக்குத் தண்ணீர். தோண்டத் தோண்டப் பாறைக்குள்ளிருந்து நிலத்தடி நீர் பீறிட்டு வேலை ஆண்டுக்கணக்கில் இழுத்தது. முதல் நோக்கம் வயல்தான். ஏழாயிரம் ஹெக்டேருக்குக் குறையாத நிலத்துக்கு என்று போட்ட திட்டம் அது. ஊர்களுக்கும் ஒரு பங்கு கிடைக்கிறது. அது வராவிட்டால் கடலோரக் கிணறுகளையே உறிஞ்ச வேண்டும், உறிஞ்சினால் உப்பு ஏறும். உப்பு வேண்டுமென்றால் சேன் லெவிலேயே புவான்த் ஓ செல்லில் பாத்தி கட்டி எடுக்கிறார்கள், அந்த அளவுக்கு வெயில். அதுவே போதும்.

உங்கள் தண்ணீர் என்பதை மறுக்கவில்லை. அதனால்தான் முதலில் ஒழுகலை அடை என்று அந்தப் பெண்ணிடம் சொல்கிறேன்.

லா ஷாலூப் பேரன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் இந்த மண்ணில் பிறந்தவன். தமிழைப் பெரியவனான பிறகு மாலை வகுப்பில் படித்தேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பாட்டி லா ஷாலூப் மேட்டில் இருந்தார். தாத்தா ஜெரேனியம் இலை காய்ச்சி எண்ணெய் எடுத்தவர். அந்த வேலைக்கு ஆவியைக் குளிரவைக்க நிறையத் தண்ணீர் வேண்டும். அதனால் மழைத் தொட்டி எங்கே இருக்கிறதோ அங்கேதான் அடுப்பும் இருந்தது. வீட்டுக் கூரையின் ஓரத்தில் தகரத்தை வளைத்துத் தாழ்வாரம் கட்டியிருப்பார்கள். அதன் வாயில் ஒரு பீப்பாய், பீப்பாயின் மேல் பழைய சட்டைத்துணி. மழைக்காலத்தின் முதல் மழையைப் பாட்டி பிடிக்க மாட்டார். கூரை கழுவட்டும் என்று குழாயைத் திருப்பிவிடுவார். கையை நீட்டிப் பார்த்து, நீர் தெளிந்த பிறகுதான் பீப்பாய்க்குள் விடுவார். இன்று இதற்குக் கடையில் ஒரு கருவி விற்கிறார்கள்.

குளியல் வரிசையும் அப்படித்தான். ஒரே பெரிய அலுமினியத் தொட்டியில் முதலில் கைக்குழந்தை, பிறகு பெண் பிள்ளைகள், கடைசியில் மண்ணில் புரண்டு வந்த ஆண் பிள்ளைகள். அந்தத் தண்ணீர் வாழைக்குப் போகும். நான் கடைசிக் குழந்தைகளில் ஒருவன் என்பதால் எனக்கு எப்போதும் சாம்பல் நிறத் தண்ணீர்தான் கிடைத்தது.

இப்போது உங்கள் மேமே பற்றி. விரதம் இருப்பவருக்கு எங்கள் பக்கம் தண்ணீர் இல்லை என்று சொல்லும் வழக்கமே கிடையாது. நீங்கள் சொன்னால் ஊரில் அதுவே பேச்சாகிவிடும். ஆனால் சும்மா வாங்கிக்கொள்ளும் வழக்கமும் கிடையாது. அவர் கேட்டதே ஒரு மரியாதை, நீங்களும் மனம் விட்டுப் பேசலாம். எங்கள் கோவிலில் தீமிதிக்கு முன் குழாய் நிற்கும் நாள்களுக்காக ஒவ்வொரு வீடும் கேனில் தண்ணீர் கொண்டுவந்து வைக்கும். கணக்கு எழுத மாட்டார்கள், ஆனால் யார் கொண்டுவரவில்லை என்று எல்லோருக்கும் தெரியும். அபிஷேகத் தண்ணீர் போகும் வாய்க்காலைச் சில ஆண்டுகளுக்கு முன் திருப்பி வாழைக்கும் செவ்வரளிக்கும் விட்டோம். பூசாரி முதலில் முகம் சுளித்தார். இப்போது அந்தப் பூவைத்தான் மாலை கட்டுகிறார்.

கார் கழுவும் மகனைப் பற்றி மேரிக்கு எழுதிவிடாதீர்கள். மேமேயிடம் மட்டும் சொல்லுங்கள், அதுவும் அவர் வாளியோடு வந்து நிற்கும்போது. மகன்களைத் திட்டுவதில் எங்கள் பாட்டிகளுக்கு ஈடு கிடையாது. சோப்புத் தண்ணீர் அப்படியே ரவீன் என்கிற மலை ஓடையில் இறங்கிக் கடைசியில் லகூனுக்கு, பவளத் திட்டுக்கு உள்பக்கம் இருக்கும் ஆழமில்லாத கடலுக்குப் போகிறது. 2007 முதல் அது பாதுகாக்கப்பட்ட கடற்பகுதி. மீன் பிடிக்கும் மகனாக இருந்தால் இதைச் சொன்னாலே போதும்.

காரைக்கால்காரி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. குழாய் வேலைக்கார அண்ணா சொன்னபடியே செய்தோம். மீட்டரில் பல்லி இல்லை, ஒரு பெரிய நத்தை இருந்தது. இரவில் எடுத்த படத்தையும் காலையில் எடுத்த படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இருநூற்றுக்குக் கொஞ்சம் குறைவான லிட்டர் போயிருக்கிறது, மூன்று பேரும் தூங்கிக்கொண்டிருக்கும்போதே! கேசரிக் கலர் போட்டோம். பத்து நிமிடத்திலேயே பீங்கானில் ஆரஞ்சு நிறக் கோடு இறங்கியது. வெந்நீர்த் தொட்டியின் வடிகுழாய்க்குக் கீழே ஒரு கிண்ணத்தையும் வைத்தோம். அதில் காலையில் ஒன்றும் இல்லை.

வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அந்த ஆரஞ்சுக் கோட்டையே காட்டினேன். கோலத்தைப் பற்றி மறு பேச்சு பேசவில்லை. ஆனால் கழிவறை ரப்பரை மாற்றுவது குடியிருப்பவர் பொறுப்பு என்கிறார். உண்மையா?

மேமேயிடமும் பேசினேன். பழைய தொட்டி ஒன்று எத்தான் சலே பக்கம் அவருடைய மருமகனிடம் சும்மா கிடக்கிறதாம், கம்பிக் கூண்டுக்குள் இருக்கும் வெள்ளைப் பெட்டி. காசு வேண்டாம், வேலியோரம் வையுங்கள், குழாய் இரண்டு பக்கமும் இருக்கட்டும் என்கிறார். விரத நாள்களில் தலைமுழுக எங்கள் வீட்டுக் குழாய், செடிக்கும் துணி அலசவும் தொட்டி. பதிலுக்கு அவர் மகன் தாழ்வாரம் கட்டித் தருவார். கார் விஷயத்தையும் வாளி நேரத்தில் சொன்னேன். மேமே மேலே திரும்பி ஒரே ஒரு வார்த்தை கூப்பிட்டார். என்ன சொன்னார் என்று எனக்குப் புரியவில்லை, குழாய் சுருட்டப்பட்டது.

கணவருக்கு இன்னும் கொசுக் கவலைதான். அவர் மருத்துவமனையில் சிக்குன்குனியாவைப் பார்த்தவர்.

குழாய் வேலைக்காரன், சேன் போல் எழுதியது:

அவர் பயப்படுவது நியாயம். 2005, 2006இல் இந்தத் தீவில் மூன்றில் ஒருவருக்கு அது வந்தது. நானும் கட்டிலிலிருந்து சுவரைப் பிடித்துத்தான் எழுந்தேன். 2025இல் திரும்பவும் வந்து ஆட்டிவிட்டுப் போனது. அதைப் பரப்பும் புலிக்கொசு ரவீனில் வளர்வதைவிட நம் வீட்டு வாளியிலும் பூந்தொட்டித் தட்டிலும் நன்றாக வளரும். முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். தண்ணீர் வற்றினாலும் சுவரில் ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால் தொட்டியைக் காலி செய்தால் மட்டும் போதாது, உள்சுவரைப் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். மூடி, தண்ணீர் நுழையும் வாய், வழிந்தோடும் குழாய், இந்த மூன்றிலும் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் கண் இல்லாத வலை. வழிந்தோடும் குழாயை எல்லோரும் மறப்பார்கள். தாழ்வாரத்தில் லிச்சி இலை விழுந்து தண்ணீர் தேங்கினால் அதுவும் கொசுப் பண்ணைதான், சரிவு சரியாக இருக்கிறதா என்று ஒரு வாளி ஊற்றிப் பார்த்துக்கொள்.

ரப்பர் விஷயத்தில் வீட்டுக்காரர் சொல்வது உண்மை. கழிவறைத் தொட்டியின் மிதவை, வளையம் போன்றவை குடியிருப்பவர் பராமரிக்க வேண்டியவை என்று 1987ஆம் ஆண்டு ஆணையின் பட்டியலிலேயே இருக்கிறது. மொத்தத் தொட்டியே பழையதாகி உளுத்துப் போயிருந்தால்தான் அவர் தலையில் விழும். சில யூரோ விஷயம், சண்டை போடாமல் மாற்றிவிடு. பழைய வளையத்தைக் கையோடு கடைக்கு எடுத்துப் போ, அளவு ஒன்றுக்கொன்று மாறும்.

அந்த வெள்ளைப் பெட்டியில் முன்பு என்ன இருந்தது என்று மருமகனிடம் கேள். பழச்சாறோ சர்க்கரைப் பாகோ இருந்திருந்தால் கழுவிக்கொள்ளலாம். பூச்சிமருந்து, சாயம், பெயர் தெரியாத திரவம் என்றால் இலவசமாகவும் வேண்டாம். வெள்ளை நிறத்தில் வெளிச்சம் புகுந்து பாசி பிடிக்கும், கறுப்புத் தார்ப்பாயால் சுற்றிக் கட்டு. அடிவால்வின் மரை 60 மில்லிமீட்டர் பெரிய மரை, சாதாரணத் தோட்டக் குழாய் பொருந்தாது. அதற்கென்று இணைப்பு விற்கிறார்கள். இரண்டு பக்கமும் குழாய் வேண்டுமென்றால் வால்வுக்குப் பிறகு ஒரு கவைக் குழாய் போட்டுக்கொள்ளுங்கள், தொட்டியில் புதிதாக ஓட்டை போட வேண்டாம்.

நிரம்பினால் ஒரு டன் எடை. வேலியோரத்து மண்ணில் வைத்தால் மழையில் இறங்கிச் சாயும், கீழே குழந்தை விளையாடும். கான்கிரீட் பாளம் போட்டு அதன்மேல் கல் அடுக்கி, வாளி உள்ளே நுழையும் உயரத்துக்கு வையுங்கள். மேமே குனியாமல் பிடிக்கட்டும். புயல் அறிவிப்பு ஆரஞ்சுக்கு வந்ததும் தொட்டி காலியாக இருந்தால் குழாய்த் தண்ணீரைக் கொண்டாவது நிரப்பு. காலித் தொட்டி காற்றில் பறந்து யார் வீட்டுக் கூரையிலாவது இறங்கும். கூண்டைக் கம்பியால் பாளத்தோடு கட்டிவிட்டால் இன்னும் நல்லது.

வாழைக்கும் முருங்கைக்கும் அடியில் கரும்புச் சோகையைக் கெட்டியாகப் பரப்பு. இப்போது வெட்டு நடக்கிறது, கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். ஊற்றுகிற தண்ணீரில் நிறைய மிச்சமாகும். பக்கத்து வயலில் போகும் பாசனக் குழாயில் மட்டும் கை வைக்காதே, அது சுத்திகரிக்காத தண்ணீர், கணக்கும் வேறு.

மொரீஷியஸ் தங்கை எழுதியது:

அக்கா, வெந்நீர் வரும்வரை குளியலறையில் ஓடும் குளிர்ந்த தண்ணீரை ஒரு வாளியில் பிடித்துப் பாருங்கள். சூரிய வெந்நீர்த் தொட்டி கூரையில் இருந்தால் குழாய் நீளம் அதிகம், ஒவ்வொரு குளியலுக்கும் அரை வாளியாவது தேறும். அது குடிநீர்தான், குழந்தைக்குத் துணி அலசலாம்.

காரைக்கால்காரி எழுதியது:

பிடிக்க ஆரம்பித்துவிட்டேன், அரை வாளிக்கு மேலேயே வருகிறது. ரப்பர் மாற்றியாகிவிட்டது, நேற்றிரவு சிவப்பு எண் அசையவில்லை. பெட்டியில் இருந்தது அன்னாசிப் பாகு என்று மருமகன் சொல்கிறார், மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன், அப்படித்தான் மணக்கிறது. சனிக்கிழமை கொண்டுவருகிறார்கள். அண்ணா, அந்த 60 மில்லிமீட்டர் இணைப்பு சேன் லெ கடைத்தெருவிலேயே கிடைக்குமா, சேன் போல் வர வேண்டுமா?

குழாய் வேலைக்காரன், சேன் போல் எழுதியது:

விவசாயப் பொருள் விற்கும் கடையில் கேள், கட்டடச் சாமான் கடையில் அல்ல. பிளாஸ்டிக்கில் வாங்கு, உள்ளே ரப்பர் வளையம் இருக்கிறதா என்று கடையிலேயே திறந்து பார். இறுக்கும்போது கையால் மட்டும், ஸ்பேனர் போட்டால் மரை கிழியும்.